கலந்து சோதிப்பதா, தனித்தனியாகப் பார்ப்பதா: தொற்றுப் பரிசோதனையில் எந்த வழி எப்போது?

மேசையில் 400 டியூப்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவருடைய மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ எடுத்த மாதிரி. கையிருப்பில் உள்ள ரியேஜென்ட் (பரிசோதனைக்கான வேதிப்பொருள்) 150 பரிசோதனைக்குத்தான் வரும், அடுத்த சரக்கு வர நாளாகும். தொற்று பரவும் காலத்தில் ஆய்வகப் பொறுப்பாளர் முன்னால் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: 150 பேரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனித்தனியாகச் சோதித்துவிட்டு மீதி 250 பேரை நிறுத்திவைப்பதா, இல்லை மாதிரிகளைக் கலந்து 400 பேரையும் பார்த்துவிடுவதா?

கலப்பதென்று முடிவெடுத்தாலும் கேள்வி தீராது. எத்தனை பேருடையதைக் கலப்பது, ஒரு படியில் முடிப்பதா, பல படிகளில் இறங்குவதா, மாதிரி எடுக்கும் இடத்திலேயே கலப்பதா, ஆய்வகத்துக்கு வந்தபிறகு கலப்பதா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

இப்படிக் கலந்து சோதிக்கும் பூல் டெஸ்டிங் என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை மிச்சமாகும்?’ என்றுதான். என் கருத்தில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. தொற்று உள்ள ஒருவரைத் தவறவிட்டால் என்ன ஆகும், யார் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தபிறகு மிச்சக் கணக்கைப் போட்டால்தான் பொருத்தமான வழி பிடிபடும். ஆனால் அந்த இரண்டையும் எடைபோடக் கொஞ்சம் கணக்கு வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டார்ஃப்மேனின் கணக்கு

1943-ல் ராபர்ட் டார்ஃப்மேன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் சில பக்கங்களில் ஒரு யோசனையை எழுதினார். ராணுவத்தில் சேர வரும் லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு சிஃபிலிஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்த காலம் அது. பலருடைய இரத்தத்தில் சிறிது சிறிதாக எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே பரிசோதனை செய்தால் போதும் என்றார் அவர். நெகட்டிவ் வந்தால் அந்தக் குழுவில் யாருக்கும் நோய் இல்லை. பாசிட்டிவ் வந்தால் மட்டும் அந்தக் குழுவினரைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். படையில் அது அன்று நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் இன்று உலகெங்கும் நடக்கும் கூட்டுப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு படி முறையேதான்.

இதில் எவ்வளவு மிச்சமாகும் என்பது தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நூற்றில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் 11 பேருடைய மாதிரியைக் கலந்த பூல்தான் மிகச் சிக்கனம். ஆயிரம் பேரை சராசரியாக 196 பரிசோதனையில் பார்த்துவிடலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் என்றால் 32 பேர் கொண்ட பூல், 63 பரிசோதனை. 5 சதவீதம் என்றால் 5 பேர் பூல், 426. 10 சதவீதத்தில் 4 பேர் பூல், 594. 20 சதவீதத்தில் 3 பேர் பூல், அப்போதும் 821 ஆகிவிடும். 30 சதவீதத்தைத் தாண்டியதும் எந்த அளவில் பூல் போட்டாலும் ஒன்றும் மிஞ்சாது, தனித்தனியாகப் பார்ப்பதே குறைந்த செலவு. நல்ல பூல் அளவு என்ன என்று மனக்கணக்காகச் சொல்ல ஒரு வழி உண்டு. தொற்று எத்தனை பேரில் ஒருவருக்கு என்று பார்த்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்தால் போதும். நூறில் ஒருவர் என்றால் சுமார் பத்து, இருபத்தைந்தில் ஒருவர் என்றால் சுமார் ஐந்து.

இந்த எண்களைப் பார்த்ததும் ‘சரி, நம் ஊரில் 1 சதவீதம், அதனால் 11 பேர் பூல்’ என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அதே 1 சதவீதத்தில் 11-க்குப் பதிலாக 5 பேர் பூல் போட்டால் ஆயிரம் பேருக்கு 249 பரிசோதனை ஆகும். தனிப் பரிசோதனையிலிருந்து 5 பேர் பூலுக்கு வந்தபோது மிஞ்சியது 751. ஐந்திலிருந்து பதினொன்றுக்குப் போனால் கூடுதலாக மிஞ்சுவது 53 மட்டும். அந்த 53-க்காக மாதிரியை இரண்டு மடங்குக்கு மேல் நீர்க்க வைக்கிறோம். பதினொன்றில் ஒன்று பாசிட்டிவ் ஆனாலும் பதினொரு பேரையும் காக்க வைக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. தொற்று விகிதம் நின்ற இடத்தில் நிற்காது. போன வாரம் 1 சதவீதமாக இருந்தது இந்த வாரம் 5 சதவீதமாகும். 10 பேர் பூல் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அப்போது பத்தில் நான்கு பூல்கள் பாசிட்டிவாக வரும், ஆயிரத்துக்கு 501 பரிசோதனை ஆகும். 5 பேர் பூல் போட்டவருக்கோ 426, அந்த விகிதத்துக்கு அதுதான் சிறந்த அளவும்கூட. 10 பேர் பூல் 20 சதவீதத்தைத் தொட்டதுமே பயனற்றுப்போகும், 5 பேர் பூல் 27 சதவீதம் வரை ஏதோ கொஞ்சம் தரும். நான்கு, ஐந்து, ஆறு என்ற சிறிய பூல்கள் எந்த ஒரு நாளிலும் முதலிடம் பிடிக்காமல் போகலாம், ஆனால் ஏறக்குறைய எல்லா நாளிலும் தாக்குப்பிடிக்கும்.

நம் 400 டியூப்களுக்கு வருவோம். தொற்று 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தைந்தாக 80 பூல்கள். அவற்றில் சராசரியாக எட்டு பாசிட்டிவ் ஆகும், அந்த நாற்பது பேரை மறுபடி பார்க்க வேண்டும். மொத்தம் 120-க்குள் முடிந்துவிடும். பதினான்கு பூல் பாசிட்டிவ் ஆனால்கூட 150-ல் அடங்கும். 8 பேர் பூல் போட்டால் சராசரி 110 ஆகும். பத்துப் பரிசோதனை மிச்சத்துக்காக நான் எட்டுக்குப் போக மாட்டேன்.

நீர்த்துப்போகும் சிக்கல்

ஒருவருடைய மாதிரியில் உள்ள வைரஸ், தொற்றில்லாத நான்கு பேருடைய மாதிரியோடு கலக்கும்போது அதன் செறிவு ஐந்தில் ஒரு பங்காகிறது. பிசிஆர் பரிசோதனை ஒவ்வொரு சுழற்சியிலும் மரபணுப் பொருளை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதால், இந்த இழப்பை சிடி மதிப்பில், அதாவது வைரஸ் தெரியவர எத்தனை சுழற்சி தேவை என்ற எண்ணில், துல்லியமாகச் சொல்லிவிடலாம். வைரஸ் குறையக் குறைய சிடி கூடும். 5 பேர் பூலில் சிடி 2.3 கூடும், 10 பேர் பூலில் 3.3, 32 பேர் பூலில் 5.

சிடி 25 உள்ள ஒருவர் 5 பேர் பூலில் 27.3 ஆகத் தெரிவார், ஒரு பிரச்சினையும் இல்லை. சிடி 36 உள்ளவர் 10 பேர் பூலில் 39.3 ஆகிவிடுவார். சிடி 40-ஐத் தாண்டினால் நெகட்டிவ் என்று கோடு போட்டிருக்கும் ஆய்வகத்தில் அவர் விளிம்பில் தொங்குவார், 32 பேர் பூலில் காணாமலே போவார். அதாவது பூல் எல்லோரையும் ஒரே அளவில் தவறவிடுவதில்லை. வைரஸ் மிகக் குறைவாக உள்ளவர்களைத்தான் தவறவிடுகிறது.

அப்படித் தவறுபவர் யார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். கோவிட் போன்ற மூச்சுக்குழாய்த் தொற்றில் சிடி மிக அதிகமாக இருப்பவர்களில் பலர் நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள், அவர்களால் பிறருக்குப் பரவும் வாய்ப்பு குறைவு. பரவலைத் தடுக்கத்தான் சோதிக்கிறோம் என்றால் அந்த இழப்பை ஏற்கலாம். ஆனால் தொற்று இப்போதுதான் தொடங்கியிருக்கும் ஒருவருக்கும் சிடி உயர்ந்தே இருக்கும், நாளை மறுநாள் அவர் பலருக்குப் பரப்பக்கூடும். அதனால் பூல் முறையில் ஒருமுறை பார்த்து முடிப்பதைவிட வாரம் இரண்டு முறை பார்ப்பது மேல். மிச்சமாகும் பரிசோதனைகளை அடிக்கடி பார்ப்பதில் செலவிட்டால், நீர்த்துப்போவதால் இழந்ததை மீட்டுவிடலாம்.

சிகிச்சை முடிவெடுக்க வேண்டிய நோயாளி என்றால் கதை வேறு. மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவருடைய மாதிரியைப் பூலில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு வரும் தவறான நெகட்டிவ் ஒரு மருந்தைத் தள்ளிப்போடும், அவரைத் தவறான வார்டில் படுக்க வைக்கும். அறிகுறி உள்ளவர்களிடம் பாசிட்டிவ் விகிதமும் அதிகம் என்பதால், அவர் உள்ளே வந்தாலே அந்தப் பூல் மறுபரிசோதனைக்குப் போகும் வாய்ப்பு கூடிவிடும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 400 பேரில் 50 பேருக்கு அறிகுறி இருக்கிறது, அவர்களில் 20 சதவீதம் பாசிட்டிவ் என்று வைப்போம். மீதி 350 பேரில் 1 சதவீதம். எல்லோரையும் கலந்து ஐந்தைந்தாகப் போட்டால் சராசரியாக 143 பரிசோதனை. அந்த 50 பேரைத் தனியாகப் பிரித்து நேரடியாகச் சோதித்து, மற்ற 350 பேரை மட்டும் பூல் போட்டால் 137. மிச்சம் பெரிதாக இல்லைதான். ஆனால் நோயுற்றிருக்கும் 50 பேருக்கும் முதல் சுற்றிலேயே, நீர்க்காத முடிவு கிடைத்துவிடுகிறது. தனிப் பரிசோதனையும் பூலும் எதிரெதிர் வழிகள் என்று பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில், இரண்டும் ஓட வேண்டும்.

2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தந்த வழிகாட்டுதல் இந்த எச்சரிக்கையோடுதான் இருந்தது. ஒரு பூலில் ஐந்து மாதிரிக்கு மேல் வேண்டாம், பாசிட்டிவ் விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழ் உள்ள பகுதிகளில் பயன்படுத்தலாம், 5 சதவீதத்துக்கு மேல் போனால் வேண்டாம் என்றது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதே ஆண்டு ஜூலையில் முதல் பூல் பரிசோதனைக்கு அவசர அனுமதி தந்தபோது நான்கு மாதிரி வரைதான் அனுமதித்தது. கணக்கு பத்தையும் பதினைந்தையும் காட்டியபோது இரண்டு அமைப்புகளும் நான்கிலும் ஐந்திலும் நின்றதை நான் தயக்கமாகப் பார்க்கவில்லை.

எங்கே கலப்பது?

இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் அன்றாடத்தில் இதுதான் பெரிய வேறுபாட்டைக் கொண்டுவருகிறது.

ஒரு வழி, மாதிரி எடுக்கும்போதே பத்துப் பேருடைய ஸ்வாபை (மாதிரி எடுத்த பஞ்சுக் குச்சியை) ஒரே டியூபில் போட்டுவிடுவது. சீனாவில் நகரம் முழுவதையும் சோதித்தபோது பரவலாகக் கையாண்டது இந்த முறை. டியூப், லேபிள், பதிவு எல்லாமே பத்தில் ஒன்றாகிவிடும். ஸ்வாப்களைச் சேர்த்துப் போடுவதால் ஆய்வகத்தில் திரவத்தைப் பங்குபோட்டுக் கலப்பதைவிட நீர்த்துப்போவதும் குறைவு. விலை எங்கே இருக்கிறது என்றால், பூல் பாசிட்டிவ் ஆனதும் கையில் தனி மாதிரி இல்லை. பத்துப் பேரையும் மறுபடி தேடிப்பிடித்து மறுபடி ஸ்வாப் எடுக்க வேண்டும். அதற்குள் ஒருநாள் போய்விடும். அந்த ஒருநாள் அவர்கள் பத்துப் பேரும் எங்கே இருப்பார்கள், வேலைக்குப் போவார்களா, வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்களா என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு வழி, ஒவ்வொருவருக்கும் தனி டியூப். ஆய்வகத்தில் அதிலிருந்து சிறிதளவு எடுத்துக் கலப்பது. மீதி குளிர்பெட்டியில் இருக்கும். பூல் பாசிட்டிவ் ஆனால் யாரையும் திரும்பக் கூப்பிட வேண்டாம், அதே டியூபைத் திறந்தால் போதும். மரபணுப் பொருளைப் பிரித்தெடுக்கும் கருவிக்கு 200 மைக்ரோலிட்டர் வேண்டுமென்றால் ஐந்து பேரிடமிருந்து 40 மைக்ரோலிட்டர் வீதம். பிப்பெட் (திரவத்தைச் சிறிதளவாக அளந்தெடுக்கும் கருவி) பிடிக்கும் கை செய்யும் வேலை கூடும், எந்த டியூப் எந்தப் பூலில் போனது என்ற பதிவு ஒரு வரி பிசகினாலும் ஐந்து பேருடைய முடிவு தடுமாறும். பார்கோடு ஸ்கேனர் இல்லாமல், கையால் எழுதிய தாளை நம்பிப் பெரிய பூல்களில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் மரபணுப் பொருளைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தபிறகு, அந்தச் சாற்றைக் கலப்பது. மறுபரிசோதனை வேகமாக நடக்கும், ஏனெனில் பிரித்தெடுத்த சாறு தயாராக இருக்கிறது. ஆனால் செலவிலும் நேரத்திலும் பெரிய பங்கு பிரித்தெடுப்பதற்கே போவதால் மிச்சம் சுருங்கிவிடும். பிசிஆர் ரியேஜென்ட் மட்டும் தட்டுப்பாடு என்ற அரிய நிலைக்குத்தான் இது பொருந்தும்.

ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் 2021 மே மாதத்திலிருந்து நடந்தது முதல் வழியின் நல்ல எடுத்துக்காட்டு. குழந்தைகள் ஒரு ஸ்வாபை 30 வினாடி மிட்டாய்போலச் சப்பித் தருவார்கள். வகுப்புக் குழந்தைகளின் ஸ்வாப்கள் ஒரே டியூபில் போகும். வாரம் இரண்டு முறை. மூக்குக்குள் குச்சி விடுவதற்கு அழும் குழந்தைகளை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு கனிவான ஏற்பாடு என்று புரியும். ஆனால் 2022 ஜனவரியில் ஒமிக்ரான் பரவியபோது பாசிட்டிவ் பூல்கள் குவிந்து, அவற்றைப் பிரித்துப் பார்க்க ஆய்வகங்களால் இயலாமல் போனது. பூலுக்குப் பிந்தைய தனி பிசிஆர் கைவிடப்பட்டு, அதன் இடத்துக்குத் துரிதப் பரிசோதனை வந்தது. 25 பேர் கொண்ட பூல் குறைந்த பரவலில் அருமையாக வேலை செய்யும், பரவல் கூடினால் ஒரே வாரத்தில் உடைந்துவிடும். பெரிய பூலைத் தேர்ந்தெடுப்பவர் அது உடையும் நாளுக்கான மாற்று ஏற்பாட்டையும் அன்றே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

படிப்படியாக இறங்குவது

இரண்டு படிக்குப் பதில் மூன்று படி. 25 பேர் பூல் பாசிட்டிவ் ஆனால் அதை ஐந்தைந்தாகப் பிரித்துப் பார்த்து, அதிலும் பாசிட்டிவான ஐவரை மட்டும் தனியாகப் பார்ப்பது. 1 சதவீதத் தொற்றில் ஆயிரம் பேருக்குச் சுமார் 134 பரிசோதனைதான் ஆகும், இரண்டு படி முறையின் சிறந்த எண்ணான 196-ஐவிட நன்றாகக் குறைவு. ஆயிரத்தில் ஒருவர் என்ற நிலையில் 100, 10, 1 என்று இறங்கினால் 30-க்குள் முடியும்.

இதற்குத் தரும் விலை நேரம்தான். ஒரு சுற்று அரைநாள் என்றால் கடைசிப் படிக்குப் போகிறவருக்கு ஒன்றரை நாள். அந்தக் கடைசிப் படிக்குப் போகிறவர்தான் தொற்று உள்ளவர் என்பதை மறக்கக் கூடாது. தொற்று இல்லாதவருக்கு முடிவு சீக்கிரம் வருகிறது, இருப்பவருக்குத் தாமதமாகிறது. வேகமாகப் பரவும் நோயில் இது தலைகீழான ஏற்பாடு.

ஆனால் நேரம் அவ்வளவு நெருக்காத நோயில் இது கச்சிதமாகப் பொருந்தும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2002 இறுதியிலிருந்து ஓராண்டு எச்ஐவி பரிசோதனைக்கு வந்த சுமார் 1,09,000 பேரிடம் இதைச் செய்தார்கள். கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையில் நெகட்டிவ் வந்த இரத்தத்தை 90 பேர் கொண்ட பூல்களாக்கி, பாசிட்டிவ் ஆனால் பத்துப் பத்தாகப் பிரித்து, பிறகு தனியாகப் பார்த்தார்கள். எதிர்ப்புப் பொருள் உருவாகும் முன்பே, தொற்று புதிதாக இருந்த 23 பேர் அகப்பட்டார்கள். வழக்கமான சோதனை அந்த 23 பேரையும் ‘உங்களுக்கு எச்ஐவி இல்லை’ என்று சொல்லி அனுப்பியிருக்கும். 90 பேர் பூல் என்றால் நீர்த்துப்போகாதா? போகும். ஆனால் எச்ஐவி தொற்றின் தொடக்க வாரங்களில் இரத்தத்தில் வைரஸ் மிக மிக அதிகம், தொண்ணூறில் ஒரு பங்கானாலும் தெரியும். பூலின் அளவை நோயின் இயல்பைப் பார்த்து வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கட்டம் கட்டி வைப்பது

மாதிரிகளைச் சதுரங்கப் பலகைபோல அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பூல், ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பூல் என்று போடுவது இன்னொரு வழி. 10-க்கு 10 கட்டத்தில் 100 பேருக்கு 20 பூல்கள். மூன்றாவது வரிசையும் ஏழாவது நிரலும் மட்டும் பாசிட்டிவ் என்றால், அவை வெட்டும் இடத்தில் இருப்பவர்தான். இரண்டாம் சுற்று இல்லாமலே ஆளைச் சொல்லிவிடலாம். இரண்டு பேருக்குத் தொற்று இருந்து, இருவரும் வெவ்வேறு வரிசையிலும் நிரலிலும் இருந்தால் நான்கு வெட்டுப்புள்ளிகள் வரும், அந்த நால்வரை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும்.

1 சதவீதத்தில் இந்தக் கட்டம் ஆயிரம் பேருக்குச் சுமார் 217 பரிசோதனை எடுக்கும். அதே பத்துப் பேர் பூலில் டார்ஃப்மேன் முறை 196-லேயே முடித்துவிடும். எண்ணிக்கையில் கட்டம் தோற்கிறது. ஆனால் டார்ஃப்மேன் முறையில் ஆயிரம் பேரில் 96 பேர் இரண்டாம் சுற்றுக்காகக் காத்திருப்பார்கள், கட்டத்தில் 17 பேர்தான். முதலில் சொன்ன ‘யார் காத்திருப்பது’ என்ற கேள்வி இங்கேதான் விடையை மாற்றுகிறது. விமான ஊழியர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் என்று அன்றே முடிவு தெரிய வேண்டிய குழு, 1 சதவீதத்தைச் சுற்றிய தொற்று, பிப்பெட் வேலையைச் செய்ய இயந்திரம் மூன்றும் சேர்ந்தால் நான் கட்டத்தைத்தான் எடுப்பேன். கையால் செய்வதென்றால் வேண்டாம். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை எடுத்து இரண்டு இடத்தில் விட வேண்டும், நூறாவது டியூபில் கண் பிசகும்.

இதையே இன்னும் நீட்டியவர்களும் உண்டு. இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2020-ல் 384 மாதிரிகளை 48 பூல்களில், ஒவ்வொரு மாதிரியும் ஆறு பூல்களில் வருமாறு பிரித்து, எந்தப் பூல்கள் பாசிட்டிவ் என்பதை வைத்துக் கணினியால் ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் வரை பாசிட்டிவாக இருந்தால் ஒரே சுற்றில் சொல்லிவிடும் வடிவமைப்பு. ருவாண்டாவில் மாதிரிகளைப் பல பரிமாணக் கனசதுரமாக எண்ணிப் பூல் போடும் முறை உருவாக்கப்பட்டு 2021-ல் வெளியானது. இரண்டுமே அழகான கணிதம். ஆனால் தொற்று எதிர்பார்த்ததைவிடக் கூடினால் விடை குழம்பும். இயந்திரமும் மென்பொருளும் பழுதாகும் நாளில் மாற்று வழி இருக்காது. நாளைக்கே ஒரு சாதாரண ஆய்வகத்தில் தொடங்க வேண்டுமென்றால் இவற்றை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

யாரை யாரோடு சேர்ப்பது

டார்ஃப்மேன் கணக்கு எல்லாரும் தனித்தனித் தீவுகள் என்று எண்ணிக்கொள்கிறது. தொற்று நோய் அப்படிப் பரவுவதில்லை. ஒரே வீட்டில், ஒரே விடுதி அறையில், ஒரே வகுப்பில் கொத்தாகத்தான் வரும். ஒரே வீட்டு ஐவரில் மூவருக்குத் தொற்று என்றால், ஐவரையும் ஒரே பூலில் போட்டால் மூன்று பாசிட்டிவும் ஒரே பூலுக்குள் விழும், மற்ற பூல்கள் சுத்தமாக வரும். வரிசை கலைத்துப் போட்டால் மூன்று பூல்கள் கெடும்.

சேர்த்துப் போடுவதில் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. வைரஸ் குறைவாக உள்ள ஒருவர், வைரஸ் அதிகமுள்ள அண்ணனோடு ஒரே பூலில் இருந்தால் அண்ணன் பூலைப் பாசிட்டிவ் ஆக்கிவிடுவான், தம்பியும் தனியாகச் சோதிக்கப்பட்டு அகப்படுவான். நீர்த்துப்போவதால் வரும் இழப்பில் ஒரு பகுதி இப்படி ஈடாகிறது.

ஜெருசலேமில் 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 1,33,816 மாதிரிகளை 5 பேர், 8 பேர் பூல்களாகச் சோதித்த அனுபவம் இதை உறுதிசெய்தது. தொற்று விகிதம் 0.5-லிருந்து 6 சதவீதம் வரை ஏறி இறங்கியபோதும் பரிசோதனைகளில் 76 சதவீதம் மிச்சமானது. மிச்சமும் சரி, கண்டுபிடிக்கும் திறனும் சரி, கணக்கு சொன்னதைவிட மேலாக இருந்தன. காரணம், பாசிட்டிவ் மாதிரிகள் கொத்துக்கொத்தாக ஒரே பூலில் வந்து சேர்ந்ததுதான். இதற்கு ஒரு செலவும் இல்லை. டியூப்களை ரேக்கில் அடுக்கும் ஊழியரிடம் ‘முகவரி வாரியாக அடுக்குங்கள்’ என்று சொன்னால் போதும்.

ஒரே கேள்விக்கு இரண்டு விடை

இரத்த வங்கிகள் இந்த முடிவைப் பல ஆண்டுகளாக எடுத்து வருகின்றன. தானமாக வரும் இரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைடிஸ் போன்றவை மிக அரிது, அதனால் மினிபூல் எனப்படும் சிறு பூல்களில் சோதிப்பது இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் இங்கே தவறவிட்டால் அதன் விலையைத் தருவது அந்த இரத்தத்தை ஏற்றிக்கொள்ளும் நோயாளி. அமெரிக்காவில் 2003-ல், கொசு மூலம் பரவும் வெஸ்ட் நைல் வைரஸுக்கு மினிபூல் சோதனை தொடங்கியபோது இது வெளிப்பட்டது. அந்த வைரஸ் தானம் தருபவரின் இரத்தத்தில் பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும். பூலில் நீர்த்துத் தப்பிய இரத்தத்தின் வழியே சிலருக்குத் தொற்று போனது.

அதன்பிறகு வந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பூலை அடியோடு கைவிடவில்லை. கொசு பெருகி நோய் பரவும் பருவத்தில், பரவும் பகுதியில் மட்டும் தனித்தனிப் பரிசோதனைக்கு மாறுவது, பருவம் முடிந்ததும் மினிபூலுக்குத் திரும்புவது. எத்தனை பாசிட்டிவ் வந்தால் மாற வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அன்றைய பொறுப்பாளர் அன்றைய பரபரப்பில் முடிவெடுக்க வேண்டியதில்லை.

சில நோய்களுக்கு இந்த ஒப்பீட்டையே சுருக்கிக்கொள்ளலாம். காசநோய்ச் சளி கெட்டியாக இருக்கும், சம அளவில் எடுத்துக் கலப்பதே சிரமம், கிருமி குறைவாக உள்ளவர்கள் எளிதில் தப்பிவிடுவார்கள். கிட் மிக அரிதாகக் கிடைக்கும் இடத்தில் இது பயன்படலாம், மற்றபடி தனியாகப் பார்ப்பதே நல்லது. எதிர்ப்புப் பொருள் சோதனையில் பிசிஆர்போலப் பெருக்கும் படி இல்லாததால் நீர்த்தது நீர்த்ததுதான். கொனோரியா, கிளமிடியா போன்றவற்றில் ஒரே நபரின் தொண்டை, ஆசனவாய், சிறுநீர் மூன்றையும் கலந்து சோதிக்கும் வழி ஒன்று உண்டு. பாசிட்டிவ் ஆனால் யாரென்று தேட வேண்டியதில்லை, ஆள் ஒருவரே. கொசுக்களைப் பிடித்து ஐம்பது வரை ஒன்றாக அரைத்து வைரஸ் பார்க்கிறார்களே, அங்கே எந்தக் கொசு என்ற கேள்வியே எழாது. பாசிட்டிவ் வந்த பகுதியில் மருந்தடித்தால் போதும். பரவலின் அளவை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய எந்த ஆய்வுக்கும் பூல் மிகப் பொருத்தம்.

நான் எடுக்கும் முடிவு

400 டியூப், 150 பரிசோதனை என்ற அந்த மேசைக்குத் திரும்புகிறேன். அறிகுறி உள்ளவர்களையும் மருத்துவமனையில் படுத்திருப்பவர்களையும் முதலில் பிரித்து, தனித்தனியாகச் சோதிப்பேன். மற்றவர்களை வீடு வாரியாக, அறை வாரியாக அடுக்கி, ஐந்து பேர் பூலாக, ஆய்வகத்திலேயே கலப்பேன். தனி டியூப்கள் முடிவு வரும்வரை குளிரில் இருக்கும். பூல் நெகட்டிவ் ஆனால் அன்றே ஐவருக்கும் சொல்லிவிடலாம், முடிவுத் தாளில் ‘கூட்டாகச் சோதிக்கப்பட்டது’ என்று எழுதித் தருவேன். பூல் பாசிட்டிவ் ஆனால், தனி முடிவு வரும்வரை ஐவரில் யாரிடமும் ‘உங்களுக்குத் தொற்று’ என்று சொல்ல மாட்டேன். ‘இன்னும் ஒரு சோதனை பாக்கி, அதுவரை வீட்டில் இருங்கள்’ என்பது போதும். நெகட்டிவான நால்வருக்குத் தேவையில்லாத ஒரு இரவு பயத்தைக் கொடுக்கக் கூடாது.

தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை அவசியம். சிடி 33-லிருந்து 37-க்குள் உள்ள, ஏற்கெனவே பாசிட்டிவ் என்று தெரிந்த இருபது முப்பது மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு நெகட்டிவ் மாதிரிகளோடு கலந்து, அவரவர் கிட்டில், அவரவர் கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை தப்புகின்றன என்பது அந்த ஆய்வகத்தின் உண்மையான எண். வலுவான பாசிட்டிவ்களை வைத்துப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று திருப்தி அடைவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

அப்புறம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன வாரத்தின் பூல்களில் எத்தனை பாசிட்டிவ் என்று எண்ணுவேன். 5 பேர் பூலில் பத்துக்கு ஒன்று பாசிட்டிவ் என்றால் தொற்று சுமார் 2 சதவீதம், இப்படியே போகலாம். நான்கில் ஒன்றை நெருங்கினால் 5 சதவீதத்தைத் தாண்டுகிறோம், ஐந்தை நான்கோ மூன்றோ ஆக்கும் நேரம். பாதிப் பூல்கள் பாசிட்டிவானால் தொற்று 13 சதவீதத்தை எட்டிவிட்டது என்று பொருள். மிச்சம் காகிதத்தில் இன்னும் இருக்கும், ஆனால் பாதிப் பேர் இரண்டாம் சுற்றுக்காகக் காத்திருப்பார்கள். அன்று பூலை நிறுத்திவிட்டு, கையில் உள்ள 150-ஐ யாருக்கு முதலில் என்ற வரிசைப்படி செலவிடுவேன். அந்த வரிசையையும் முதல் நாளே எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருப்பேன்.